தொண்ணூறாம் டிகிரியில் ஒரு மலை

அறுபத்து மூன்றாம் வருஷம். பெங்களூர் பிரேசர் டவுன் பெண்கள் பள்ளியொன்றில் பூகோள டீச்சரான பியாட்ரிஸ், கண்காட்சிக்காக இந்து மகா சமுத்திரத்தின் அடித்தரையை பிளாஸ்டரில் செய்து முடித்திருந்தாள். இரண்டு மேஜைகளை அடைத்துக்கொண்டு கிடந்தது சமுத்திரம். ஆப்பிரிக்கப் பக்கம் மலைமுகடுகள். ஜாவாவுக்குத் தெற்கே கிடுகிடு பள்ளம். இந்தியாவுக்குக் கிழக்கே மட்டும் தோசைக்கல் மாதிரி சமதரை. அவளிடமிருந்த வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

கண்காட்சியன்று காலை நீலச் சாயம் பூசிக்கொண்டிருந்தபோது தம்பி நோயல் பெட்டியும் கையுமாக வந்து நின்றான். கடல் ஆராய்ச்சிக் கப்பலில் ஆழம் பார்க்கும் கருவிக்கு மெக்கானிக் அவன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியவன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே வந்து அந்தச் சமதரையின் மேல் விரலை வைத்தான்.

"அக்கா, இங்க மலை எங்க?"

"அங்க ஏதுடா மலை?"

"இருக்கு! கப்பல்லேர்ந்து சத்தம் அனுப்புவோம், தரையில பட்டுத் திரும்பி வர்ற நேரத்த வெச்சு ஆழம் தெரியும். திடீர்னு ஆழம் வரையற ஊசி மேல மேல ஏறுது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு பிரிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு! தெக்க போய் மறுபடி குறுக்க வந்தோம். அங்கயும் ஏறுது. இன்னும் தெக்க, அங்கயும்! தொண்ணூறாம் டிகிரி தீர்க்கரேகையிலயே கோடு போட்டாப்ல நிக்குதுக்கா. ஒரு மைலுக்கு மேல உசரம்!"

பியாட்ரிஸ் சாயத் தூரிகையைக் கீழே போட்டாள். அடுத்த நிமிஷம் உளியை எடுத்துச் சமதரையைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள்.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் தலைமையாசிரியை அலர்மேல்மங்கை. "பியாட்ரிஸ்! மத்தியானம் ஜனங்க வராங்க, என்னம்மா பண்றீங்க?"

"இங்க மலை இருக்கு மேடம்!"

"எந்த புக்ல போட்டிருக்கு?"

"இன்னும் எந்த புக்லயும் வரல மேடம். அதான் அவசரம்!"

நோயல் மறுபடி எல்லாவற்றையும் சொன்னான். கேட்கக் கேட்க அலர்மேல்மங்கையின் கண்கள் விரிந்தன. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் பிளாஸ்டர் கரைக்கிறேன். எங்கேர்ந்து எங்க வரைக்கும்ப்பா?"

"தெக்கு முனை தெரியாது மேடம். நாங்க அதுக்குள்ள திரும்பிட்டோம்."

"அப்ப முடிக்காம விடுவோம்" என்றாள் பியாட்ரிஸ்.

ஈரம் காயாததால் மலைக்குச் சாயம் பூச முடியவில்லை. நீலத்தின் நடுவே நெட்டுக்கு வெள்ளை வெளேரென்று நின்றது. கதவு திறந்ததும் கூட்டம் அங்கேதான் மொய்த்தது. "இது எப்போ கண்டுபிடிச்சாங்க?" என்று ஒருவர் கேட்டதும் பியாட்ரிஸ் தம்பியின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். சாயங்காலத்துக்குள் அக்கா, தம்பி இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருந்தது. அலர்மேல்மங்கைதான் பிளாஸ்டர் கையோடு, "இங்க பாருங்க, ஊசி மேல ஏறுது..." என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தார்.