ஏழு பேர் செய்த குரல்

வீரமுத்துவின் கண்பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. சர்க்கரை வியாதி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் இருட்டில் லாரி ஓட்ட முடியாமல் போனது. பிறகு மழையில். கடைசியில் பட்டப்பகலிலேயே செம்மண் பாதை எது, வடிகால் எது என்று தெரியாமல் போனபோது, அவரே சாவியைக் கொண்டுபோய் ஆபீசில் வைத்துவிட்டு வந்தார். மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம், சுவாவுக்கு உள்ளே தள்ளியிருந்த அந்தப் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில் வாலிபம் முழுக்கக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர் அவர். மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டில் மிச்சம் இருந்தது மகள் மாதவி மட்டும்தான்.

மாதவிக்குச் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் இயந்திரங்கள் கெட்டுப்போனால் சரிசெய்பவள். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஏறிப் போய், கம்பெனி பஸ்ஸிலேயே திரும்புவாள். அவள் இல்லாத நேரத்தில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியும். பேப்பர் படிக்காமல் அவருக்குப் பொழுது விடிந்ததே இல்லை. அதிலும் மரண அறிவித்தல் பக்கம். தோட்டங்கள் உடைந்து ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போன கூட்டத்தில், யார் இருக்கிறார்கள் யார் போய்விட்டார்கள் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்வார்.

கைப்பேசியில் கேட்க வைக்கலாம் என்று முதலில் முயன்றாள். சரிப்படவில்லை. அதே வியாதியால் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அந்த வழவழப்பான கண்ணாடியில் எங்கே தொட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. அழுத்தினால் உள்ளே போய் வெளியே வரும் பொத்தான்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்கள் லினக்ஸில்தான் ஓடின. யாருக்கும் சொந்தமில்லாமல், யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் திருத்தவும் கூடிய இயங்குதளம். அதில் அவளுக்குக் கை பழகியிருந்தது. ஒரு பழைய மடிக்கணினியில் அதைப் போட்டுவிட்டு, பேப்பரின் இணையப் பக்கத்தைத் தமிழில் படித்துக்காட்ட ஏதாவது கிடைக்குமா என்று துழாவினாள். அப்படித்தான் அந்த ஏழு பேரின் குழு அகப்பட்டது. சரியாகச் சொன்னால் அப்போது ஆறு பேர். இவள் சேர்ந்த பிறகு ஏழு. ஈப்போவில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், மதுரையில் இரண்டு பேர், கனடாவில் ஒருவர், மந்தினில் உசைர். உசைரின் வாப்பா மந்தினில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பையனோ கணினியே கதி என்று கிடந்தான். எழுத்தை ஒலியாக்கும் நிரல், குரலுக்கு உள்ளே இருந்த அந்த இயந்திரம் மொத்தமும் அவன் எழுதியது. மற்றவர்கள் உச்சரிப்பைச் செப்பனிட்டார்கள். எல்லோரும் வேலை முடிந்து வந்து, சும்மா செய்தார்கள்.

அந்தக் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும். வீரமுத்துவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

"என்னாம்மா இது, ‘அன்னாரின்’னு போட்டிருக்கிறத ‘அன்னாறின்’னு அழுத்துது. செத்தவன நாற வைக்குது பாரு. திருத்தச் சொல்லு."

"நான்தான்பா திருத்தணும்."

"அப்ப நீயே திருத்து லா."

அவள் திருத்துவாள். மறுநாள் அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். ‘காலஞ்சென்ற’ சரியாக வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. தோட்டத்துப் பெயர்கள், மலாய் ஊர்ப்பெயர்கள், தெருவுக்குச் சொல்லும் ஜாலான், குடியிருப்புக்குச் சொல்லும் தாமான் எல்லாம் தமிழ் எழுத்தில் வந்தால் அது தடுமாறும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார். குழுவில் அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லாரிக்காரர் என்ன சொன்னார் என்று யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டு எழுதுவார். இப்படியே சில வருடங்கள் ஓடின.

நோவென் வந்தது அதற்குப் பிறகு.

புதிய இயங்குதளம், பெரிய கம்பெனி, எங்கு பார்த்தாலும் விளம்பரம். அதன் மடிக்கணினிகளை உடற்குறையுள்ளவர்களுக்கு ஒரு சங்கம் இலவசமாகக் கொடுத்தது. போர்ட்டிக்சன் மண்டபத்தில் விழா வைத்து வீரமுத்துவின் கழுத்தில் மாலை போட்டு, கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அன்று சாயந்திரமே பேப்பரைப் போட்டுக் கேட்டார். ஒரு பெண் குரல். வானொலியில் செய்தி வாசிப்பவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து படிப்பதுபோல் இருந்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். மரண அறிவித்தல் வந்ததும் குரல் தானாகவே இறங்கியது.

"மாதவி, இவ மூச்சு விடுறா ம்மா," என்றார் வீரமுத்து. முகம் மலர்ந்துபோயிருந்தது.

மாதவி பக்கத்தில் நின்று கேட்டாள். தவறு கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டாள். ஒன்றும் அகப்படவில்லை.  அப்படித் தேடியதற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது. அப்பாவுக்கு நல்லது நடந்திருக்கிறது, இதில் நமக்கென்ன வயிற்றெரிச்சல் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பழைய மடிக்கணினி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது.

குழுவிலும் அதே பேச்சுதான். நோவெனால் நமக்கு ஆபத்தா என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஆபத்து எங்கிருந்து வரும், நம்மை யாரும் தடுக்கவில்லையே, நாம் எழுதியது எழுதிய இடத்திலேயே திறந்துதான் கிடக்கிறது என்று யாழ்ப்பாணத்துக்காரர் பதில் போட்டார். உசைர் ஒரு வரி எழுதினான்: "நாமும் சும்மா கொடுக்கிறோம், அவனும் சும்மா கொடுக்கிறான். அவனிடம் ஆயிரம் பேர் சம்பளத்துக்கு இருக்கிறார்கள்." மாதவி ஒன்றும் எழுதவில்லை. சொந்த வீட்டிலேயே மாறியாகிவிட்ட பிறகு என்ன எழுதுவது?

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. கனடாக்காரர் குழந்தைகளின் படிப்பைச் சொல்லி ஒதுங்கினார். ஈப்போக்காரர் சொல்லாமலே காணாமல் போனார். தவறுகளைச் சொல்லி எழுதிக்கொண்டிருந்த பார்வையற்றவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள், அவர்களும் நோவெனுக்குப் போயிருந்தார்கள். தவறைச் சொல்ல ஆளில்லாத இடத்தில் திருத்தவும் ஒன்றுமில்லை. உசைருக்குக் கல்யாணம் ஆயிற்று. கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. வேலை கொடுத்தது நோவென். மாதவி வாழ்த்துச் சொன்னாள், மனதாரத்தான் சொன்னாள்.

ஒன்றரை வருடம் போல எல்லாம் நன்றாகவே போனது. ஒரு நாள் காலை அவள் இரவு வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார்.

"மாதவி, அவ போயிட்டா."

"யாருப்பா?"

"பேப்பர் படிக்கிறவ. காலையில இருந்து வெள்ளைக்காரி ஒருத்திதான் என்னமோ சொல்லிக்கிட்டு இருக்கா."

திரையைப் பார்த்தாள். இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. போதிய பயனர்கள் இல்லாத சில மொழிகளில் குரல் சேவை நிறுத்தப்படுகிறது, பிற்காலத்தில் மீண்டும் வழங்கப்படலாம் என்று இருந்தது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. கம்பெனிக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது, பிழையில்லாத அழகான தமிழில், தங்கள் கருத்துக்கு நன்றி என்று. அதை அப்பாவுக்குப் படித்துக்காட்டத்தான் அந்தக் கணினிக்கு வாய் இல்லை.

அதிலேயே பழைய லினக்ஸைப் போட்டுவிடலாம் என்று பார்த்தாள். நோவென் வேறு எதையும் உள்ளே விடவில்லை. தொழிற்சாலையில் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். பூட்டு பூட்டாகவே இருந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழையதை இறக்கினாள். பேட்டரி உப்பி, அடிப்பலகை வளைந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நேராக மின்சாரத்தில் ஓட்டினாள். உயிர் வந்தது. ஆனால் அதிலிருந்த உலாவி மிகவும் பழையது, பத்திரிகையின் பக்கத்தைத் திறக்க மாட்டேன் என்றது. லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டாள். பக்கம் திறந்தது, குரல் வரவில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒலியைக் கையாளும் பகுதியை உலகத்தில் யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். அதற்கு ஏற்றபடி குரலைத் திருத்தியிருக்க வேண்டியவர்கள் இந்த ஏழு பேர். யாரும் திருத்தியிருக்கவில்லை.

உசைர் எழுதியது முழுவதும் அவள் கண்முன்னே திறந்து கிடந்தது. ஒளிவுமறைவே இல்லை. பல நாள் உட்கார்ந்து படித்தாள். உச்சரிப்பு விதிகள் அவள் கைப்பட எழுதியவை, அவை புரிந்தன. அடியில் ஓடிய இயந்திரம் புரியவில்லை. எதையோ மாற்றிப் பார்த்ததில் குரல் வந்தது. இரண்டு சொல் சொல்லி விக்கியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. குழுவில் உதவி கேட்டு எழுதினாள். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும் வருத்தம் தெரிவித்தார். அவருக்கும் அந்தப் பகுதி தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போனாள். விடுமுறை நாளில் உசைர் வாப்பாவின் கடையில்தான் இருப்பான். அவனே எழுந்து வந்து ஒரு கிளாஸ் தே தாரே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தான். மனைவி ஜொஹராவுக்கு ஏழாம் மாதம் என்றான். மாதவி வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ரெண்டு சாயந்திரம் உட்கார்ந்தா முடிஞ்சிரும்க்கா. எங்க உடைஞ்சிருக்குன்னு நீங்க சொல்றப்பவே தெரியுது."

"அப்ப உட்காரு தம்பி."

"முடியாதுக்கா. வேலைக்குச் சேரும்போது கையெழுத்து வாங்கிட்டாங்க. குரல் சம்பந்தமா வெளியில ஒரு வரிகூட நான் எழுதக் கூடாது. சும்மா கொடுத்தாலும் கூடாது."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் எழுதினா எழுத்தப் பார்த்தே கண்டுபிடிச்சிருவாங்க. வேலை போயிரும். உங்க மேலயும் கேஸ் போடுவாங்க."

"நீதான எழுதின அத. உன்னோடதுதான?"

"என்னோடதுதான்," என்றான். துணியை மடித்து வைத்தான். "அங்க தமிழ்க் குரல்ல வேலை செய்யத்தான் எடுத்தாங்கன்னு நெனச்சேன்க்கா. சேர்ந்த மூணாவது மாசமே வேற மொழிக்கு மாத்திட்டாங்க. தமிழ நிறுத்தப் போறாங்கன்னு எனக்கே யாரும் சொல்லல. உங்கள மாதிரிதான் நானும் தெரிஞ்சுக்கிட்டேன்."

எப்படிச் செய்வது என்று வாயால் சொல்லித் தருகிறாயா என்று கேட்டாள். அவன் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு இல்லை என்று தலையை அசைத்தான். கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட முடியவில்லை. கிளம்பும்போது அப்பாவுக்கென்று ரொட்டி சனாய் கட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் வீரமுத்து மலாய்க்கு மாறியிருந்தார். "மலாய்லயே கேட்டுக்கிறேன்லா, லாரிக்காரனுக்கு மலாய் வராதா என்னா," என்று சிரித்தார். மலாய்ச் செய்தியில் விபத்தும் மழையும் பெட்ரோல் விலையும் வந்தன. தோட்டத்து ஆட்களின் சாவு வரவில்லை.

சன்னாசி செத்துப்போனது அப்படித்தான் தெரியாமல் போனது. சன்னாசியும் வீரமுத்துவும் ஒரே லாரியில் காலம் தள்ளியவர்கள். ஒருவர் ஓட்ட, ஒருவர் குலை ஏற்ற. ஓய்வுக்குப் பிறகு சன்னாசி மகனோடு செனாவாங்கில் ஒரு தாமானுக்குக் குடிபோய்விட்டார். சுவா கிளினிக்கில் சர்க்கரை பார்க்க வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, பழைய ஆள் ஒருவர் வீரமுத்துவின் தோளைத் தொட்டார். "சன்னாசி கருமாதியில உங்களக் காணோமேண்ணே?"

வீரமுத்து அன்று ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. உடன் வந்திருந்த மாதவியிடம், இப்போதே கூட்டிப் போ என்றார்.

சன்னாசியின் மனைவி தாயம்மா அவரைக் கண்டதும் வாசலிலேயே அழுதாள். "ஃபோன் அடிச்சோம்ணே. அந்த நம்பர் இல்லன்னு சொல்லிருச்சு. சரி, பேப்பர்ல போட்டா அண்ணன் பாத்திருவாருன்னு மவன் பெருசா போட்டான். நீங்க வருவீங்கன்னு எடுக்கிற நேரத்தக்கூடக் கொஞ்சம் தள்ளித்தான் வச்சோம்."

"நம்பர் மாத்திட்டேன் தங்கச்சி," என்றார் வீரமுத்து. "பேப்பர் படிக்கல."

ஏன் படிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த வீட்டில் யாருக்கும் புரிந்திருக்காது. மாதவி கதவருகே நின்றாள். சன்னாசி செத்த வாரம் முழுக்க அவள் வந்துபோன கம்பெனி பஸ் இந்தத் தெருமுனையைத்தான் கடந்து போயிருந்தது. பந்தல் போட்டிருப்பார்கள், மேளம் அடித்திருப்பார்கள். அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாள். சன்னாசியின் படத்தை வீரமுத்து கையால் தடவிப் பார்த்தார். கண்ணாடிதான் தட்டுப்பட்டிருக்கும், அதுவும் அந்த விரல்களுக்குத் தெரிந்ததோ என்னவோ.

திரும்பும் வழியில் அவள்தான் பேசினாள். "இனிமே நானே படிக்கிறேன்பா. தினமும்."

"ஒனக்கு எங்கம்மா நேரம்."

"படிக்கிறேன்னு சொல்றேன்ல."

சொன்னபடியே செய்தாள். பகல் ஷிஃப்ட் வாரத்தில் சாயந்திரம், இரவு ஷிஃப்ட் வாரத்தில் காலையில் வந்ததும். பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் பேப்பர் வாங்கிக்கொள்வாள். அப்பா பசியாறி முடித்துக் காத்திருப்பார். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பாள். ஊர், பெயர், வயது, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். ரந்தாவ் தோட்டத்தில் வாழ்ந்த ஒரு கிழவியின் அறிவித்தலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு காலை, பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே அவள் குரல் குழறியது. ஒரே பெயரை இரண்டு முறை சொன்னாள். பிறகு நின்றுவிட்டது.

"அப்பறம்?" என்றார் வீரமுத்து.

 மூச்சு மட்டும் சீராகக் கேட்டது. அவர் கையை நீட்டித் துழாவி, அவள் மடியிலிருந்து நழுவிக்கொண்டிருந்த பேப்பரை எடுத்தார். எங்கே விட்டாள் என்று தெரியாமல் அதை விரித்தபடியே தன் முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை எழுப்பவில்லை.