மாற்றி அழுத்தியவர்கள்

மேலாளர் சொன்னதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். "உங்க எல்லாரோட கண்ணையும் விட கேமரா பரவாயில்லம்மா" என்றார். கண்ணாடி பாட்டில்களை வெளிச்சத்துக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்து, குமிழியையும் கீறலையும் கண்டுபிடித்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். என் கண்ணில் குறை என்றால் சிரிப்பு வராதா?

எல்லாம் எங்கள் திட்டம்தான். எங்கள் வேலையைச் செய்யப்போகும் கேமராவைப் பழக்குவதற்காகப் போன மாதம் எங்களைத் திரை முன்னால் உட்கார வைத்தார்கள். பாட்டிலின் படம் வரும். நல்லதென்றால் பச்சைப் பொத்தான், பழுதென்றால் சிவப்பு. அன்றைக்குக் கை கழுவும் இடத்தில் முதலில் வாயைத் திறந்தது என் அண்ணிதான். "நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா? மாத்தி மாத்தி அழுத்துங்கடி. மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கட்டும்." விழுந்து விழுந்து சிரித்தோம். கீறல் விழுந்த பாட்டிலுக்கெல்லாம் தாராளமாகப் பச்சை அழுத்தினேன். அண்ணி சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு.

மேலாளர் திரையைக் காட்டினார். ஏற்கெனவே சோதித்து முடித்த பாட்டில்களைத்தான் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். யார் யார் தப்பாக அழுத்தினோம் என்பது அப்படியே வந்தது. "ஒருத்தங்க மட்டும்தான் ஒழுங்கா பார்த்திருக்காங்க. கேமராவை அவங்க பார்த்துக்குவாங்க. மத்தவங்க நாளையிலிருந்து வர வேண்டாம்."

அந்த ஒருத்தி யாரென்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணி பக்கத்தில் போய் நின்றேன். நான் கேட்பதற்கு முன் அவளே ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணன் முதுகு வலின்னு படுத்தே கெடக்காரு. ரெண்டு பேரும் வேலை போயி உக்காந்தா அடுப்பு எரியுமா? நான் ஒழுங்கா அழுத்தப் போறேன்னு உங்கிட்ட சொன்னா உன் வாய் சும்மா இருக்குமா, ஊருக்கே சொல்லிருப்ப."

உண்மைதான், சொல்லியிருப்பேன். அதனால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க ஒழுங்கா அழுத்தினது சரி அண்ணி. எங்களை ஏன் மாத்தி அழுத்தச் சொன்னீங்க?"

அவள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். கேட்காததுபோல ஒரே தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடவே இருந்து, நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள். வேற்று மனுஷி செய்திருந்தால் வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருப்பேன்.

மறுநாள் காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கம்பெனி பஸ் வந்தது. கூட்டத்தில் முண்டியடித்து முதலில் ஏறி எனக்கும் இடம் பிடிப்பது அண்ணியின் வழக்கம். இன்று கூட்டமே இல்லை. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்தாள். பஸ் கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பையை எடுக்கவில்லை.