சந்தனம் வைத்த பிஸ்டல்

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் முதலில் நான் எக்செல் ஷீட் போடுவேன். மிக்ஸி, கார், மகள் ஓவியாவின் காலேஜ் எல்லாமே அப்படி வந்தவைதான். மனைவி வசந்தாமணிக்கு பிஸ்டல் வாங்கும்போது மட்டும் சும்மா விடுவேனா?

பிஸ்டல் எதற்கு என்று, டெக்சாஸில் நாங்கள் இருக்கிற சுகர் லேண்டில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். திருடனைச் சுட இல்லை, காகித வட்டத்தைச் சுட. போன வருஷம் ஆஸ்டினிலிருந்து வந்த ஓவியா, அம்மாவின் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு அவளை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனாள். பல்லியைப் பார்த்தால் நாற்காலியில் ஏறி நிற்கிற கோபிச்செட்டிபாளையத்துக்காரி, வாடகைத் துப்பாக்கியில் பத்துக்கு ஏழு குண்டை நடு வட்டத்தில் வைத்தாள். நான் ஒன்றுகூட வைக்கவில்லை. அதைப் பற்றி மேலே பேச விருப்பமில்லை.

அதன்பிறகு ஞாயிறு தவறினாலும் ரேஞ்ச் தவறாது. அங்கே போய்வந்தால் சமைக்கும்போது பாடுவாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அடுத்த மாதம் ரேஞ்சில் பெண்களுக்கான போட்டி. சொந்தத் துப்பாக்கி வேண்டும், அதில் குண்டு ஏற்றுவதையும் அவரவர் கையாலேயே செய்ய வேண்டும் என்பது விதி.

தேடித் தேடி இரண்டு மாடலில் வந்து நின்றோம். ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே கறுப்பு. அருகருகே வைத்தால் எது எது என்று தெரியாது. ஒன்று பழைய மாடல், இன்னொன்று புதியது. என் ஷீட்டில் முப்பத்தொரு வரிசை. எடை, குழல் நீளம், ட்ரிகர் அழுத்தம், வாரண்டி என்று எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன். பழையது இரண்டு மார்க்கில் ஜெயித்தது. வசந்தாமணி மட்டும் முடிவு சொல்லவேயில்லை. நாலு தடவை கடைக்கு வந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் துப்பாக்கியை எடுத்து, அதன் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டு, "இப்படி இழுத்தாதான் முதல் குண்டு உள்ள ஏறும்" என்று அவளுக்குத் தெரிந்ததையே விளக்குவேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று வெளியே வந்துவிடுவாள்.

"பட்டுப்பொடவைக் கடைலகூட நீ இவ்ளோ நேரம் எடுத்ததில்லையே அம்மிணி" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு, காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, பழைய மாடலை அவளுக்குப் பரிசாக வாங்கிவந்துவிட்டேன். புதுக் காருக்குச் செய்வதுபோல சாமி அலமாரியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வேலை முடிந்து வந்த வசந்தாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், "நல்லாருக்குதுங்க மாமா" என்றாள். பூரித்துப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை ரேஞ்சில் ஸ்லைடை இழுத்தாள். நகரவில்லை. மறுபடி இழுத்தாள். நெற்றி வேர்த்துவிட்டது.

"குடு, நான் பண்றேன்" என்று கையை நீட்டினேன்.

அவள் கொடுக்கவில்லை. "வேண்டாங்க. நீங்க சந்தனத்த அப்பி வெச்சிருக்கீங்க. உள்ள போயி இறுகிக் கெடக்குது" என்றாள். குரலில் கோபம். அன்று ஒரு குண்டுகூடச் சுடாமல் வீட்டுக்கு வந்தோம்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் கராஜில் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்துத் துப்பாக்கியைக் கழற்றினேன். உள்ளே சந்தனம் துளிக்கூட இல்லை. நான் வைத்த பொட்டு கைப்பிடியின் மேல் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. மறுபடி மாட்டி ஸ்லைடை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக ஊறுகாய் பாட்டில் மூடியெல்லாம் என்னிடம்தான் வருகிறது. முறுக்கு பிழிவதை விட்டுவிட்டாள். போன வாரம் கல்யாண ரிசப்ஷனுக்குப் புடவைக்கு சேஃப்டி பின் குத்த பக்கத்து வீட்டு விஷாகாவைக் கூப்பிட்டாள். எல்லாமே என் கண்ணெதிரில்தான் நடந்திருக்கிறது. முப்பத்தொரு வரிசை போட்ட மனுஷனுக்கு இது கண்ணில் படவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் தோன்றியது, இதை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான். கை சரியில்லாதவளுக்கு எதற்குத் துப்பாக்கி? சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்துகொண்டு கிச்சனுக்குள் போனேன்.

வசந்தாமணி சிங்க் அருகே, வெந்நீர்ப் பாத்திரத்தில் விரல்களை முக்கியபடி கண்ணை மூடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வெடுக்கென்று எடுத்துத் துடைத்துக்கொண்டாள். "டம்ளர் ஊற வெச்சிருந்தனுங்க" என்றாள். தண்ணீருக்குள் ஒரு டம்ளரும் இல்லை.

"சந்தனம் இல்ல வசந்தா. உள்ள ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எப்ப இருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்துங்க. காலைல வெரல மடக்கவே முடியறதில்ல. ரேஞ்ச்ல வாடகைத் துப்பாக்கிய அங்க வேலை செய்யற பொண்ணே இழுத்துக் குடுத்துரும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க." இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "ஃப்ரீவேல ஒரு தடவை கார் ஒரசுனதுக்கு, இனி ட்ரைவ் பண்ண வேண்டாம்னு சொன்னீங்க. முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னேன், ஜூம்பா டான்ஸ் க்ளாஸ கேன்சல் பண்ணிட்டீங்க. இது ஒண்ணுதானுங்க மாமா எனக்குன்னு இருக்குது."

பாசத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாசம் இல்லாமலும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் என் பயம். இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன் என்கிற பயம். அதற்கு விலை கொடுத்தது அவள்.

அவள் கைகளைப் பிடித்துப் பார்த்தேன். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பிடித்த கை, வீக்கம் எனக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் நான் போடறேன். அத மட்டும் நான் பண்ணிக்கறேன்" என்றேன்.

"அப்பறம்?"

"அப்பறம் கடைக்குப் போலாம்."

விற்ற துப்பாக்கியைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று கடைக்காரம்மா டெபி சொல்லிவிட்டாள். போகட்டும், அது எனக்கு. நானும் என்றைக்காவது அந்த வட்டத்தைத் தொட வேண்டாமா?

டெபி புதிய மாடலை என் பக்கம் நீட்டினாள். நாலு தடவையும் நான்தான் வாங்கிப் பார்த்தேன், அந்தப் பழக்கம். "கஸ்டமர் அவங்க" என்று நகர்ந்துகொண்டேன்.

வசந்தாமணி என்னைத் திரும்பிப் பார்க்காமல், தன் விரலில் பலம் இல்லை என்று டெபியிடம் இங்கிலீஷில் பளிச்சென்று சொன்னாள். டெபிக்கு அது அதிசயமாகவே படவில்லை. இதில் ஸ்பிரிங் லேசு, ஸ்லைடு சுலபமாக வரும் என்றாள். என் ஷீட்டில் அதற்கும் ஒரு வரிசை இருந்தது. என் கைக்கு எந்த ஸ்லைடும் வந்துவிடும் என்பதால் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டிருந்தேன்.

இரண்டு விரலால் கிள்ளி இழுக்காதே, உள்ளங்கை முழுவதும் வைத்து மேலே பிடி, மற்ற கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளு என்று டெபி காட்டிக்கொடுத்தாள். குண்டில்லாத துப்பாக்கியை வசந்தாமணி வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை பாதிதான் வந்தது. வலியில் உதட்டைக் கடித்தாள். என் கை தானாக எழுந்தது. இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவையும் வரவில்லை. கையை உதறிவிட்டு, மூச்சை இழுத்து, காலை அகட்டி நின்றாள்.

சடக்!

வசந்தாமணி திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், அப்புறம் பாக்கெட்டுக்குள் இருந்த கைகளைப் பார்த்தாள்.

"இதுதானுங்க மாமா, என்னுது" என்றாள்.