இடப்பக்க நாற்காலி

வாசலில் பெண்கள் மாப்பிள்ளையை மறித்துக்கொண்டு நின்றார்கள். "பாட்டுப் பாடினாத்தான் கதவு திறக்கும்!" அவன் பாடினான். "ஐயோ, வாத்து கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு, போதும்பா!" என்று ஒருத்தி கத்த, குவாங்சோவின் அந்தக் குறுகிய சந்தே சிரித்தது. உள்ளே கூடத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா பிக்யூன் மட்டும், துணியும் கையுமாக இடப்பக்க நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

கருமரத்தில் செய்த ஜோடி நாற்காலிகள், நடுவில் ஒரு சின்ன மேசை. எல்லாம் அவள் கணவன் தாக்மிங்கின் தாத்தா காலத்தவை. முதுகுப் பலகை ஒவ்வொன்றிலும் சிப்பி பதித்த பிளம் கிளை, கிளையில் ஒரு பறவை. இந்தப் பறவை அதைப் பார்க்கும், அது இதைப் பார்க்கும். சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன தாக்மிங்கின் கடைசிக் கடிதம் வந்து பதினேழு வருஷமாகிவிட்டது. அன்றிலிருந்து அவனுடைய இடப்பக்க நாற்காலியில் அவள் யாரையும் உட்கார விட்டதில்லை. பூனையைக்கூட.

தாக்மிங்கின் தம்பி ஹொய்சாங் மூடியில்லாத கோப்பையோடு வந்து நின்றான்.

"அண்ணி, பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டிபோட்டு டீ குடுக்கிறப்ப ரெண்டு நாற்காலியும் காலியில்லாம இருக்கணும். இல்லாதவங்க இடத்துல கோப்பை வைக்கிறதுதானே வழக்கம்?"

"அது செத்தவங்களுக்கு."

"பதினேழு வருஷம் அண்ணி. இருந்தா ஒரு வரி எழுதியிருக்க மாட்டாரா?"

"உங்க அண்ணன் மகா சோம்பேறி. என்னைப் பொண்ணு கேட்டு வந்த கடுதாசியே பக்கத்து வீட்டுக்காரர் எழுதினதுதான்."

ஹொய்சாங் சிரிக்கவில்லை. "அப்ப நான் உட்காரட்டுமா?"

"உட்காரு, பாக்கலாம்."

அவன் உட்காரவில்லை.

இன்று கோப்பை வைத்தால் நாளைக்குப் பூஜை மாடத்தில் செத்தவர்கள் வரிசையில் தாக்மிங்கின் பெயர்ப் பலகை வரும். அதன் எதிரே இரண்டு வேளை ஊதுபத்தி எரியும். அப்புறம் என்றைக்காவது அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றால், அந்தப் பலகையை எந்தக் கையால் எடுப்பது?

கதவு திறந்தது. சிவப்புப் பட்டில் மகள் சிங்யீ, பின்னால் வியர்த்து வழியும் மாப்பிள்ளை, அவர்களோடு சந்து முழுக்க ஜனம். தட்டில் தாமரை விதையும் செம்பேரீச்சையும் போட்ட தேநீர், மூடி போட்ட இரண்டு கோப்பைகளில். எல்லோரும் பார்க்க, ஹொய்சாங் தன் கோப்பையை இடப்பக்க நாற்காலியில் வைக்கக் குனிந்தான். பிக்யூன் இரண்டே எட்டில் போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். மரம் ஜில்லென்றிருந்தது.

"அண்ணி! இப்ப உங்க நாற்காலி காலியா கெடக்கு. பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?"

"நான் செத்துட்டேன்னு நெனைக்கட்டும். வை, உன் கோப்பைய அங்க வை."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஹொய்சாங் கோப்பையோடு அப்படியே நின்றான்.

சிங்யீ மண்டியிட்டு, ஒரு கோப்பையை இரண்டு கையாலும் நீட்டினாள். "அம்மா, டீ குடிங்க." அடுத்து இரண்டாவது கோப்பையை எடுத்தாள். வலப்பக்க நாற்காலியை ஒரு முறை பார்த்தாள். பிறகு கோப்பையை நடு மேசையில் வைத்து, மூடியை நன்றாக அழுத்தினாள்.

"ஆறாம இருக்கட்டும்."

பிக்யூன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தாள். தன் வலப்பக்க நாற்காலியில் இருந்தவரை, தாக்மிங்கின் நாற்காலிப் பறவை அவளுக்கு எப்போதும் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும். இங்கிருந்து பார்த்தால் அவள் நாற்காலிப் பறவை வெறும் சாம்பல். மெல்ல முன்னால் சாய்ந்தாள். பறவையின் கழுத்தில் ஒரு கீற்று ஒளி ஏறியது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். சிறகு முழுக்கப் பற்றிக்கொண்டது.

அவன் ஒரு நாளாவது இப்படிச் சாய்ந்து பார்த்திருப்பானா?

கோப்பையை ஏந்தியபடி, நிமிராமல் அப்படியே இருந்தாள்.