சுகதனுக்கு எடுத்துவைத்த புத்தகங்கள்

மாவேலிக்கரைக்குத் தெற்கே எங்கள் ஊர் வாசகசாலையில் எண்ணாயிரம் புத்தகங்களும் பதினோரு பேர் கொண்ட கமிட்டியும் உண்டு. நான் துணைத் தலைவி. புத்தகம் படித்தவர் என்று ஒருவர் இருந்தால் அது நூலகர் ஹைமவதிதான். அவளைக் கமிட்டியில் சேர்க்க விதியில் இடமில்லை.

ஹைமவதிக்கு நாற்பத்தைந்து வயது, தனிக்கட்டை. காலையில் செய்தித்தாளுக்குச் சண்டை போடும் பென்ஷன்காரர்களைப் பிரித்துவிடுவாள். பிற்பகலில் தோள்பை நிறையப் புத்தகங்களோடு வீடு வீடாகப் போவாள். வாசகசாலைக்கு வரமுடியாத பெண்களுக்கான ஏற்பாடு அது. பம்புசெட் பழுது பார்க்கும் சுகதன் எப்படிப் பெண்ணானான் என்று கமிட்டியில் யாரும் கேட்கவில்லை.

சுகதன் மனைவியை இழந்தவன். தங்கை ரெமணி உள்ளறையில் தையல் மிஷினோடு இருப்பாள். நாலு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஹைமவதி ஒரு காதல் நாவலைத் தேர்ந்தெடுத்து, கிரீஸ் படாமலிருக்கத் தாளில் சுற்றி, அவனிடம் கொடுத்தாள். அவர்கள் நடத்திய இலக்கிய விவாதத்தை ஹைமவதியே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

"எப்படி இருந்துது சேட்டா?"

"நல்லா இருந்துது சேச்சி."

"முடிவு?"

"முடிவும் நல்லா இருந்துது."

அது எல்லோரும் செத்துப்போகிற நாவல். இதற்கும் கலங்காத மனசு எத்தனை ஆழமோ என்று இவள் ஒரு வாரம் உருகினாள். கேட்டுக்கொண்டிருந்த நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

சிங்கமாதம் பிறந்து மலையாளப் புத்தாண்டு வந்ததும் அவனிடமே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தாள். ஆண்டுவிழாவுக்கே கட்டாத பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். சுகதன் ஒரு மோட்டாரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான்.

"சேட்டா, அந்தப் பொண்ணு அத்தனை வருஷம் மனசுல உள்ளதைச் சொல்லாம இருந்தாளே, அது சரியா?"

"எந்தப் பொண்ணு சேச்சி? நம்ம வார்டுலயா?"

"போன வாரம் கொடுத்த புத்தகத்துல."

சுகதன் வாய்விட்டுச் சிரித்தான். "அட, நான் எங்க படிச்சேன்! எல்லாம் ரெமணி படிக்கறா. 'நல்லா இருந்துது'ன்னு சொல்லச் சொன்னதும் அவதான்." அதற்குள் யாரோ போனில் கூப்பிட, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

நாலு வருஷத்துக் காதல் போர்டிகோவில் பச்சைச் சேலையோடு நின்றது. கழுத்தில் அளவு டேப்போடு ரெமணி வெளியே வந்தாள்.

"உக்காருங்க சேச்சி. சாயா போடறேன்."

"நீ ஏன் ஒரு நாளும் வெளிய வரல?"

"நான் வந்தா நீங்க ரெண்டு பேரும் பேச மாட்டீங்களேன்னுதான்."

ஹைமவதிக்குக் காது சுட்டது. "உனக்குத் தெரியுமா?"

"நாலாவது புத்தகத்துலயே தெரியும். பம்பு ரிப்பேர்காரனுக்கு யாராவது அந்த மாதிரிப் புத்தகம் தேடி எடுப்பாங்களா? நானே அவன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன், அந்தச் சேச்சிக்கு உன்மேல ஒரு இது இருக்குன்னு."

"என்ன சொன்னார்?"

"அவங்க வீட்டு மோட்டார்ல என்ன கோளாறுன்னு கேட்டான்."

ஹைமவதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ரெமணி பக்கத்தில் உட்கார்ந்து, படித்த நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சண்டைக்கு இழுத்தாள். இந்தக் கதாநாயகி மண்டு, அந்தக் கதாநாயகன் அதைவிட மண்டு. ஹைமவதி விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் புத்தகம் போகவேயில்லை. புறப்படும்போது ரெமணி கேட்டாள்: "காதல் போதும் சேச்சி. கொலை ஏதாவது இருக்கா?"

வாசகசாலையில் நல்ல கொலை எதுவும் இல்லாததால், ஓணம் கழிந்து இருவரும் கோட்டயத்துக்குப் புத்தகம் வாங்கப் போனார்கள். சுகதன் பஸ் ஸ்டாப்வரை வந்தான்.

"பார்த்துப் போங்க சேச்சி."

"எனக்கு உங்களைவிட மூணு வயசு கம்மி," என்றாள் ஹைமவதி. நாலு வருஷத்தில் அவள் அவனிடம் மனசிலிருந்து சொன்ன முதல் வாக்கியம். "பேர் சொல்லியே கூப்பிடலாம்."

பஸ் வரும்வரை சுகதன் யோசித்தான். பிறகு, "சரி டீச்சர்," என்றான்.

பஸ்ஸில் ரெமணி சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். ஹைமவதியும் சிரித்தாள். திருவல்லா தாண்டும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாளாம். சிரித்ததால்தானா என்று நான் கேட்கவில்லை.