ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்த குரல்

டாக்டர் அன்று சொன்னது "குறைச்சுப் பேசுங்க" என்பதா, "பேசவே வேண்டாம்" என்பதா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவதுதான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த என் மச்சான், முதலாவதுதான் என்று அடித்துச் சொல்கிறார். நடந்தவற்றின் வரிசையும் எனக்குள் கொஞ்சம் கலைந்துதான் கிடக்கிறது. சில இடங்களை என்மேல் பழி விழாதபடி நானே மாற்றி அடுக்கியிருக்கலாம்.

நன்றாகத் தெரிந்தது இவ்வளவுதான். என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், அதன்பிறகு அவளுடைய குரல் இருக்காது என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, எங்கள் மகளுக்கு நாலு வயது நிறைகிறது.

மனைவி பாலர் பள்ளியில் டீச்சர். நாற்பது பிள்ளைகளை மைக் இல்லாமல் கட்டி மேய்த்தவள். வீட்டிலும் தினம் ஒரு கதை நடக்கும். லாரி ஓட்டும் ஒரு சுண்டெலியின் கதை. அந்தக் கதையால்தான் மகளுக்குச் சுண்டெலி என்று பேரே வந்தது. நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது லாரி எங்காவது ஒரு மேட்டில் திணறிக்கொண்டிருக்கும். கதையின் முடிவை மட்டும்தான் எப்போதும் கேட்டிருக்கிறேன்.

நாள் குறித்த அன்று மாலை மச்சான் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். மனைவியின் அண்ணன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கப் போவார்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். சிவப்பு மூக்கை மாட்டிக்கிட்டு வருவார். காதுக்குள்ளேர்ந்து முட்டை எடுப்பார். ஒரு போன் போட்டாப் போதும். நீ பேசாம உக்காந்து பாரு பாப்பா," என்றார் தங்கையிடம்.

"பிள்ளைங்களைச் சிரிக்க வைக்க என் வீட்டுக்கு வெளியாள் எதுக்கு?" என்றாள் மனைவி.

"உன் தொண்டையை நீயே கேட்டுப் பாரு. தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் சொல்றேன் அண்ணா. ஞாபகம் நிக்கிற வயசு அவளுக்கு இப்பத்தான் ஆரம்பிக்குது. மூணு வயசுல நடந்தது எதுவும் தங்காது. இந்தப் பிறந்தநாள் தங்கும். அம்மா இப்படித்தான் பேசினா, இப்படித்தான் கதை சொன்னான்னு ஒண்ணாவது அவளுக்கு இருக்கட்டும். திங்கட்கிழமைக்கு அப்புறம் நான் எங்க போய்க் குடுக்கறது?"

 அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

என் வேலை தண்ணீர் திறந்துவிடுவது. நாலு தெருவுக்கு ஒரு மேல்தொட்டி. இரவெல்லாம் வால்வு மூடியிருக்கும், தொட்டி நிரம்பும். காலையில் ஒரு மணி நேரம் திறப்பேன். சேர்த்தால்தான் கொடுக்க முடியும் என்பதைத் தவிர இருபது வருடத்தில் நான் வேறெதையும் கற்றுக்கொண்டதில்லை.

"மூணு வாரம் வால்வை மூடிடு டீச்சர். ஒரு வார்த்தைகூட வேண்டாம். நிரம்பட்டும். அன்னிக்கு ஒரு மணி நேரம் முழுசாத் திறந்துவிடு."

மச்சான் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை, தொண்டைக்குள்ள தொட்டி மிதவை ஏதாவது போட்டு வச்சிருக்கா? இப்பவே ரெண்டு கதையைச் சொல்லச் சொல்லுங்க. நான் கேமராவுல பிடிச்சு வச்சுக்கறேன்."

"இந்தத் தகரச் சத்தத்தையா? பொறுங்க மச்சான். அன்னிக்கு நல்லா வரும், அப்பப் பிடிங்க. டாக்டரே பேச வேண்டாம்னுதானே சொன்னாங்க?"

மனைவி என்னை வெகுநேரம் பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். அன்று மாலையோடு பேச்சை நிறுத்தினாள்.

மகளின் சிலேட்டு அவள் கைக்குப் போனது. அதிலும் அவள் அவளாகவே இருந்தாள். அவள் பேசாததால் நான் என்னையறியாமல் உரக்கப் பேசத் தொடங்கியிருந்தேன் போலிருக்கிறது. ஒருநாள் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்: "கத்தாதீங்க. போகப்போறது என் குரல்தான், காது இல்லை."

பிறந்தநாளுக்கான திட்டமும் சிலேட்டிலேயே நடந்தது. பதினோரு பிள்ளைகள். முதலில் மிருக நடை: அவள் ஒரு மிருகத்தின் பேரைச் சொன்னதும் பிள்ளைகள் அந்த மிருகமாக நடக்க வேண்டும், "சிலை" என்றால் நிற்க வேண்டும். அடுத்து, ஒளித்து வைத்த பொம்மையைத் தேடுவது. கடைசியில் சுண்டெலிக் கதை. இருபது நிமிடம், பதினைந்து நிமிடம், இருபத்தைந்து நிமிடம் என்று தெருக்களுக்குத் தண்ணீர் பிரிப்பதைப்போல நான் நேரம் பிரித்துக் கொடுத்தேன்.

"கதையை முதல்ல வைக்கலாம். கடைசித் தெருவுக்கு என்னிக்குத் தண்ணி ஒழுங்கா வந்திருக்கு?" என்று எழுதினாள்.

நான் சிரித்தேன். கதை கடைசியில்தான் என்று பிடிவாதமாக நின்றேன்.

மகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? முதல் சில நாட்கள் அம்மாவின் மடியில் ஏறிக் கதை கேட்டு அழுதாள். இரண்டு விரலை விட்டு அம்மாவின் உதடுகளைப் பிரித்துப் பார்த்தாள். மனைவி என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், கூடாது என்று. ஒருநாள் நானே கதை சொல்லப் பார்த்தேன்.

"லாரிக்கு ஹாரன் எங்க?" என்றாள் மகள்.

"பாம் பாம்."

"அது இல்ல. உனக்குத் தெரியாது, போ."

பத்து நாளில் கேட்பதை விட்டுவிட்டாள். மேசையைத் தட்டினால் சாப்பாடு, கன்னத்தில் கை வைத்தால் தூக்கம். அம்மாவிடம் அவளும் கையாலேயே பேசத் தொடங்கினாள். நிம்மதியாக இருந்தது எனக்கு. குழந்தை பழகிக்கொண்டாள் என்று மச்சானிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஒரு நண்பகல், அடுப்பில் இருந்த பாத்திரத்தை நோக்கி மகள் கையை நீட்டினாள். "கையை எடு!" என்று மனைவி கத்தினாள். அந்த இரண்டு சொற்களும் தெளிவாகத்தான் இருந்தன என்று நினைக்கிறேன். என் யோசனை பலிக்கிறது என்றுகூட மகிழ்ந்தேன். "ஒரு நிமிஷம் வீணாப் போச்சே டீச்சர்," என்றேன், பாதி விளையாட்டாக. அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. கூடத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியிருந்தோம். பதினோரு பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். மச்சான் மூலையில் கேமராவோடு நின்றார். மனைவி நடுவில் வந்து நின்று இரண்டு முறை கை தட்டினாள். பிள்ளைகள் அடங்கினார்கள். வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது. காற்றோடு ஒரு கீறல்.

சிங்கம் என்று சொல்லியிருக்கிறாள். அது உதட்டசைவில்தான் எனக்குத் தெரிந்தது. பிள்ளைகள் அதையே சிங்கத்தின் உறுமல் என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுபடி முயன்றாள்.

"முதல்ல கலங்கலாத்தான் வரும். விடாம திற," என்றேன் நான், கதவோரத்திலிருந்து. அப்படித்தான் சொன்னேன்.

மூன்றாவது முறை அவள் முழு மூச்சையும் சேர்த்துக் கொடுத்தாள். எதையோ குறுக்காகக் கிழித்ததுபோல் ஒரு சத்தம். சிரிப்பு நின்றுபோனது. மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"இது அம்மா இல்ல! அம்மா பேச மாட்டா!"

ஓடிப்போய் மாமாவின் கால்களுக்கு நடுவே முகத்தைப் புதைத்தாள். மச்சான் கேமராவை அணைத்தார்.

 மனைவி வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெல்லக் கைகளைத் தூக்கி, விரல்களை நகம்போல் வளைத்து, தோளை இறக்கி நடந்தாள். சிங்கம். ஒரு பிள்ளை பின்னால் நடந்தது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. உள்ளங்கையைக் காட்டினாள், எல்லாரும் சிலையானார்கள். மாமாவின் காலிடுக்கிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். கை பாஷையில் அவளைவிடக் கெட்டிக்காரர் அங்கே யாரும் இல்லையே. ஐந்து நிமிடத்தில் அவள்தான் முன்னால் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஆளே வைக்காம எவ்வளவு அழகாப் பண்ணிட்டீங்க! எங்க வாலு இவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை," என்று ஒரு பிள்ளையின் அம்மா கிளம்பும்போது சொன்னார். மனைவி சிரித்துத் தலையசைத்தாள்.

எல்லாரும் போனபின் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். காதோரம் குனிந்தாள். கதையைத்தான் சொல்ல நினைத்திருப்பாள். மகள் அம்மாவின் வாயைக் கையால் மூடினாள், முரட்டுத்தனமாக அல்ல, தூங்கும் ஒருவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல. மனைவி அந்த உள்ளங்கைக்கு முத்தம் கொடுத்தாள். அதற்குமேல் முயலவில்லை.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சேர்த்து வச்சா சேர்றதுக்கு அது தண்ணி இல்லைங்க. கட்டி நாளுக்கு நாள் வளருது. மூணு வாரத்துக்கு முன்னாடி இருந்ததுதான் அவங்களுக்கு மிச்சமிருந்த நல்ல குரல். அதுல எத்தனையோ கதை சொல்லியிருக்கலாமே. வலிக்குமேன்னுதான் குறைச்சுப் பேசச் சொன்னேன்."

கட்டிலில் இருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் போனபின் சிலேட்டை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினாள்.

"நானும்தானே நம்பினேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் அதன்பிறகு ஆறு வருடம் இருந்தாள். அதில் நாலு வருடம் அதே பள்ளியில், கையாலும் ஒரு விசிலாலும் பாடம் நடத்தினாள். பிறகு நோய் நுரையீரலுக்குப் போய், ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனாள். மச்சான் ஸ்டுடியோவை மூடிவிட்டு மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டதாகக் கேள்வி. நான் அதே நாலு தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறேன், இன்னும் இரண்டு வருட வேலை பாக்கி. மகளுக்கு இருபது வயதாகிறது, ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாலாவது பிறந்தநாள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவின் குரல் ஞாபகம் இல்லை.