அழித்த இடம் தெரியாமல்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று ஊரில் எல்லோரும் திட்டுவதற்குச் சொல்வார்கள். நான் அதைத் தொழிலாகவே செய்கிறேன். கல்யாணப் படத்தில் மணமக்களுக்குப் பின்னால் கொட்டாவி விடும் மாமாவை இருந்த இடம் தெரியாமல் எடுத்துவிடுவேன். கடைத் திறப்பு விழாப் படத்தில், பிறகு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன பங்குதாரரை எடுப்பேன். கரையான் தின்ற பழைய படத்தில் காணாமல் போன காதைத் திரும்ப முளைக்க வைப்பேன். எல்லாம் கணினியில்தான், புள்ளி புள்ளியாக.

இந்தத் தொழிலில் ஒரு சாபம் உண்டு. நல்ல தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாலு பேர் யார் தைத்தது என்று கேட்பார்கள். நான் நன்றாகச் செய்த படத்தைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டால் நான் சரியாகச் செய்யவில்லை என்று பொருள்.

அப்படியே யாரும் கேட்காமல் மூன்று வருடம் ஓடிவிட்டது. அக்கா வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் என் கணினி இருந்தது. அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். அவள் மகள் வாண்டுக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்ததும், சித்தி என்று கூப்பிட்டபடியே என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான் ஒரு படத்தைக் காட்டுவேன். அதில் எங்கே அழித்திருக்கிறேன் என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நிழலைப் பார், ஆள் போனாலும் நிழல் தங்கிவிடும், பிறகு ஓரங்களைப் பார் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவைகூட அவள் ஜெயித்ததில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கர்வம் மட்டும் இருந்து என்ன பயன்? ஆறு மாதம் பார், அதற்குள் வேலை வரத்து சரியாகவில்லை என்றால் ஏதாவது அலுவலகத்தில் சேர்ந்துவிடு என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவர்தான் வழி சொன்னார். இன்ஸ்டாகிராமில் முடித்த படத்தை மட்டும் போட்டால் எவன் பார்ப்பான், முன்னால் எப்படி இருந்தது, பின்னால் எப்படி ஆனது, இரண்டையும் வீடியோவாகப் போடு என்றார். முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடித்துவிட வேண்டுமாம். தூண்டில் போடுகிறவனுக்குக்கூட இவ்வளவு அவசரம் இருக்காது. அவர் சொன்னபடியே இரண்டு மாதம் போட்டேன். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் பாதிப் பேர் என்னைப் போலவே வேலை தேடும் எடிட்டர்கள். செவிடன் காதில் இன்னொரு செவிடன் சங்கு ஊதின கதைதான்.

அந்தச் சமயத்தில்தான் வாண்டின் பள்ளியில், வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு ஆளுக்கொரு கைக்குழந்தைப் படம் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. வாண்டுக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவள் அப்பா, அதாவது என் அத்தான், வேலைக்கென்று வெளியூர் போனார். போனவர் ஒரு நாள் போன் செய்து, தன்னால் குடும்பம் நடத்த முடியவில்லை, மன்னித்துவிடு என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா இரண்டு வருடம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மூன்று வயதில் வாண்டு முதல் முறை அப்பா எங்கே என்று கேட்டபோது, நீ பிறக்கும் முன்னாடியே செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டாள். வாயில் வந்ததைச் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா தெரியாது. சொன்ன பிறகு அதைக் கட்டிக் காப்பது எங்கள் இரண்டு பேர் வேலையாகிவிட்டது.

வாண்டு கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. நான் எடுத்தது. வாத்துப் படம் போட்ட மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை, பக்கத்தில் அக்கா, குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு அத்தான். செத்துப்போனதாகச் சொன்ன ஆள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"எடுத்துடு. இடம் தெரியக் கூடாது" என்று மட்டும் அக்கா சொன்னாள்.

ஆறு நாள் உழைத்தேன். முகம் போனது, தோள் போனது, சட்டைக் காலர் போனது. அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் திரையை மடிப்பு மடிப்பாக வரைந்தேன். கைதான் பெரும்பாடு. கையை எடுத்தால் குழந்தை அந்தரத்தில் தொங்கும். எனவே அத்தானின் கையை அக்காவின் கையாக மாற்றினேன். மணிக்கட்டை மெலிதாக்கி, முடியை எடுத்து, தோலின் நிறத்தை மாற்றினேன். அவருடைய சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கம் வளைந்திருக்கும், அதை நேராக்கினேன். வாண்டின் சுண்டுவிரலும் அப்படித்தான் வளைந்திருக்கும். அதை யாரிடமும் நாங்கள் பேசுவதில்லை.

என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சிறந்த வேலை அது. அதை ஒரு வகுப்பறைச் சுவரில் முப்பது குழந்தைகள் மட்டும் பார்ப்பதா என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. அக்காவிடம் கேட்டால் கூடாது என்பாள் என்று தெரியும். தெரிந்ததால் கேட்கவில்லை. அக்காவின் முகத்தையும் குழந்தையின் முகத்தையும் கவனமாக மங்கலாக்கினேன். 'கை மட்டும் மிச்சம்' என்று தலைப்புப் போட்டு வீடியோவை ஏற்றினேன்.

அத்தானின் முகத்தை நான் மறைக்கவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு நாள் அவரை நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, அவர் எனக்குத் தாடி, காலர், நிழல் என்று துண்டு துண்டாகிவிட்டார். அழித்த ஆளுக்கு முகம் இருக்கிறது என்ற நினைவே எனக்கு இல்லை. ஊர் முழுக்கப் பார்க்கும் இடத்தில் அவர் ஒருவர் மட்டும் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது நாள் நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். நாலு லட்சம். அந்த எண்ணைப் பார்த்து நான் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். 'பாவம்யா அந்த ஆளு, என்ன தப்பு பண்ணான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'என் முன்னாள் காதலனையும் இப்படி எடுத்துத் தர முடியுமா' என்று இருபது பேராவது கேட்டிருந்தார்கள். ஒரு பெரிய போட்டோ ஸ்டுடியோவின் உரிமையாளர் அம்மா செய்தி அனுப்பியிருந்தார். மாதா மாதம் ஆல்பம் வேலை கொடுக்கத் தயார், நாளைக்கு என் பங்குதாரர்களுக்கும் அந்த வீடியோவைக் காட்டிவிட்டு உறுதி செய்கிறேன் என்றார். மூன்று வருடமாக நான் காத்திருந்தது அந்த ஒரு செய்திக்குத்தான்.

அன்று மாலையே இன்னொரு செய்தியும் வந்தது. படம் இல்லாத கணக்கு.

'அது என் கைதான். சுண்டுவிரலை நேராக்கிட்டே. பாப்பா எப்படி இருக்கா?'

அத்தானுக்கு நான் பதில் எழுதவில்லை. வீடியோவை அப்போதே நீக்கியிருக்க வேண்டும். நீக்கு என்ற பொத்தானில் விரலை வைத்தேன். நாளைக்கு அந்த அம்மா பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டுமே என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள்தானே, நாளைச் சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று விரலை எடுத்துவிட்டேன். முன்னால் முகத்தை மறைக்காமல் விட்டதற்காவது, தோன்றவில்லை என்று ஒரு சாக்கு இருந்தது. இதைத் தெரிந்தே செய்தேன்.

மறுநாள் மதியம் ஸ்டுடியோ அம்மா வேலையை உறுதி செய்தார். நான் உடனே வீடியோவை நீக்கினேன். அப்பாடா என்று காபி போட்டுக் குடித்தேன்.

வாண்டு வந்தபோது மணி நாலரை. ஷூவைக் கழற்றாமல் நேராக மேசைக்கு வந்தாள். கையில் அந்தப் படம் இருந்தது. நாலு மூலையிலும் டேப் ஒட்டியபடி, வகுப்புச் சுவரிலிருந்து உரித்து எடுத்த படம். அவள் தோழியின் அக்கா பெரிய வகுப்பில் படிக்கிறாளாம். காலையில் பள்ளி வேனில் போனில் ஒரு வீடியோ காட்டினாளாம். வீடியோவில் வாத்துப் போட்ட மஞ்சள் துண்டு இருந்தது. அதே துண்டு வகுப்புச் சுவரிலும் இருந்தது. நான் முகங்களை மறைத்தேன், துண்டை மறைக்கவில்லை.

"சித்தி, இதுல ஒருத்தரு இருந்தாரு. நீங்க எடுத்துட்டீங்க. அவரைத் திரும்பக் காட்டுங்க."

அது வேறு யாரோ, சும்மா விளம்பரத்துக்காக ஒட்டுப்போட்டது என்று ஏதேதோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு இடது கையை நீட்டி, சுண்டுவிரலை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

"அந்த வீடியோல சின்னதா தெரிஞ்சுது. நான் பெருசா பாக்கணும்."

அம்மா வரட்டும் என்றேன். அவள் என் பக்கத்து நாற்காலியில் ஷூவோடு உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். என் போன் மட்டும் அவ்வப்போது அதிர்ந்தது. யாரையாவது எடுத்துத் தரச் சொல்லி யாராவது கேட்டிருப்பார்கள்.

அக்கா வந்து, தோளில் பையோடு நின்றபடியே நான் சொன்னதைக் கேட்டாள். வீடியோ, நாலு லட்சம் பேர், அத்தானின் செய்தி, நான் தள்ளிப்போட்ட அந்த ஒரு நாள், எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அஞ்சு வருஷமா நான் ஒருத்தி மூடி வச்சதை, ஊரைக் கூட்டித் தொறந்துட்டியேடி" என்றாள். குரல் உயரவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை என்றேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வாண்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். வேறு பொய் ஏதாவது அகப்படுமா என்று தேடினாள் போலிருக்கிறது. கடைசியில், "காட்டு" என்றாள்.

அழிக்க ஆறு நாள் ஆயிற்று. திரும்பக் கொண்டுவர ஒரே அழுத்துதான், ஏனென்றால் அசல் படம் எப்போதும் அடியில் பத்திரமாக இருக்கும். மேலே போட்டதை விலக்கினால் போதும். அழுத்தினேன். தாடியோடு, காலரோடு, குழந்தையை ஏந்திக்கொண்டு அத்தான் வந்துவிட்டார். வாண்டு கையைப் பெரிதாக்கச் சொன்னாள். பெரிதாக்கினேன். திரையில் தெரிந்த வளைந்த விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இவரு செத்துட்டாராம்மா?"

"இல்லை" என்றாள் அக்கா.

வாண்டு அழுவாள், அழுதால் அணைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இரண்டு பேருமே காத்திருந்தோம் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை. திரும்பிக் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். அங்கே வரிசையாக அவளுடைய படங்கள்தான். முதல் பிறந்தநாள், கடற்கரை, பள்ளியில் சேர்ந்த நாள், முன்பல் விழுந்த வாரம்.

"வேற எதுல எல்லாம் அழிச்சீங்க?"

எதிலும் இல்லை என்றேன். அது உண்மை. அந்தப் படங்களில் ஒரு புள்ளியைக்கூட நான் தொட்டதில்லை. அவள் அம்மாமேல் ஆணை என்றேன். அக்காவும் அதையே சொன்னாள்.

வாண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போய், அதன்மேல் ஏறி, முதல் பிறந்தநாள் படத்தைக் கழற்றி இறக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்துக்கொண்டு குனிந்தாள். நான் சொல்லிக் கொடுத்தபடியே, முதலில் நிழலைப் பார்த்தாள்.